இன்சுலின் தேவை தானாகக் குறைகிறதா? சிறுநீரகத்தைக் கவனியுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. பெரம்பூரில் இருக்கிறோம். 21 வருடமாகச் சர்க்கரை நோய். ஒன்பது வருடமாக இன்சுலின் போடுகிறார். 30/70 கலவை இன்சுலின், காலை 28 யூனிட், இரவு 20 யூனிட். கூடவே கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை. கடந்த ஐந்தாறு மாதமாகச் சர்க்கரை தானாகவே இறங்குகிறது. சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. நாங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இப்போது காலை 18, இரவு 12 போடுகிறோம். ஹெச்பிஏ1சி 6.1 வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் போன வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, அம்மாவையே யாரென்று தெரியாமல் பேசினார். குத்திப் பார்த்தால் 48. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகு தெளிந்தார். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.6, ஹீமோகுளோபின் 9.2. இரண்டு வருடத்துக்கு முன் கிரியாட்டினின் 1.5 இருந்தது. 'இன்சுலின் போட்டுப் போட்டுத்தான் கிட்னி கெட்டது, நிறுத்திவிடுங்கள்' என்கிறார் பெரியப்பா. சர்க்கரை நோய் குணமாகிறதா டாக்டர்? இன்சுலினை நிறுத்தலாமா? அப்பா மாதாமாதம் கிருத்திகை விரதம் இருப்பவர், அதைத் தொடரலாமா?
(வாசகி, பெரம்பூர், சென்னை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் குணமாகவில்லை. உடம்பில் வேலை முடித்த இன்சுலினை உடைத்து அகற்றுவது சிறுநீரகங்களின் வேலைகளில் ஒன்று. அவருடைய சிறுநீரகங்களால் இப்போது அதைப் பழையபடி செய்ய முடியவில்லை. போட்ட ஊசி ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குகிறது, சர்க்கரை இறங்குகிறது. விடியற்காலையில் 48, அதுவும் ஆளை அடையாளம் தெரியாத குழப்பத்தோடு என்றால், அது கடுமையான தாழ்சர்க்கரை. இதைப் படித்த அன்றே அவருக்கு இன்சுலின் எழுதித் தரும் மருத்துவரைப் பாருங்கள். இரவு இன்சுலினை எவ்வளவு குறைப்பது, அந்த மாத்திரையை என்ன செய்வது என்ற இரண்டையும் அன்றைக்கே கேட்டு முடிவு செய்யுங்கள்.

மாத்திரையைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. அது 2.6 என்பதை 66 வயது ஆணுக்குக் கணக்கிட்டால், சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் வடிகட்டும் அளவு, அதாவது ஜி.எஃப்.ஆர்., ஏறக்குறைய 26 மில்லி லிட்டர் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய 1.5-க்கு அது 50-ஐ ஒட்டி இருந்திருக்கும். பாதியாகிவிட்டது. ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் மெட்பார்மின் கொடுக்கக் கூடாது என்பது விதி. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. கல்லீரலில் அது சிதைந்து உருவாகும் பொருளுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் வேகம் கொஞ்சம் உண்டு, அது வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான். ஆக, ஊசி வழியாகப் போன இன்சுலினும் தங்குகிறது, மாத்திரை சுரக்க வைத்த இன்சுலினும் தங்குகிறது, மாத்திரையின் மிச்சமும் தங்குகிறது. மூன்றும் ஒரே உடம்பில்.

ரத்தப் பரிசோதனைத் தாள்களில் கிரியாட்டினினை மட்டும் போட்டு ஜி.எஃப்.ஆரை விட்டுவிடும் வழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 1.5 என்ற எண்ணைப் பார்த்து 'கொஞ்சம்தான் கூடியிருக்கிறது' என்று எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகத் திரும்பிப் போயிருக்கின்றன. அந்த 1.5-இலேயே சிறுநீரகத்தின் பாதி பலம் போயிருக்கலாம். ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்கும்போதே 'இ-ஜி.எஃப்.ஆர். சேர்த்துப் போடுங்கள்' என்று கேளுங்கள். வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தால் போதும், அது வெறும் கணக்குதான்.

சரி, இன்சுலினுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்தால் இனிமேல் அப்பாவின் இன்சுலின் கணக்கை நீங்களே சரியாகப் படிக்கலாம்.

இன்சுலின் ஒரு சின்னப் புரதம். மொத்தம் 51 அமினோ அமிலங்கள். ரத்தத்தில் அதன் ஆயுள் மிகக் குறைவு. ஐந்தாறு நிமிடத்தில் பாதி காணாமல் போய்விடும். அப்படிப் போனால்தான் சாப்பிட்டவுடன் ஏறவும் சாப்பாடு செரித்ததும் இறங்கவும் அதனால் முடியும். அது எங்கே போகிறது? முதல் இடம் கல்லீரல். கணையம் சுரக்கும் இன்சுலின் நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில்தான் கலக்கிறது. உடம்பின் மற்ற பகுதிகளை எட்டுவதற்கு முன்பே ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டி வருவதை அகற்றுவதில் பெரும்பங்கு சிறுநீரகத்துக்கு. நல்ல நிலையில் இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு 6 முதல் 8 யூனிட் இன்சுலினை உடைக்கின்றன. உடம்பு ஒரு நாளில் சுரப்பதில் இது ஏறத்தாழ கால்பங்கு.

ஊசி போடுபவருக்குக் கணக்கு மாறுகிறது. வயிற்றுத் தோலுக்கு அடியில் போட்ட இன்சுலின் கல்லீரலின் வாசலுக்குப் போகாமல் நேரே பொது ரத்த ஓட்டத்தில் கலக்கிறது. கல்லீரலுக்குக் கிடைப்பது மற்ற உறுப்புகளைப் போல அதன் பங்கு மட்டும்தான். முதலிலேயே பாதியைப் பிடித்து நிறுத்தும் காவல் இல்லாமல் போவதால், சிறுநீரகத்தின் பங்கு கூடுகிறது. அதனால்தான் கணையத்தில் இன்னும் சுரப்பு உள்ளவரை விட, ஊசியை நம்பியிருப்பவருக்குச் சிறுநீரகம் பழுதானால் விளைவு சீக்கிரம் தெரிகிறது.

சிறுநீரகத்துக்குள் இன்சுலின் இரண்டு வழியாகப் பிடிபடுகிறது. முதலாவது வடிகட்டி வழி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. இன்சுலின் சிறிய மூலக்கூறு என்பதால் அந்தச் சல்லடையில் தங்காமல் நீரோடு நழுவி நுண்குழாய்க்குள் வந்துவிடுகிறது. அப்படியே விட்டால் சிறுநீரில் போய்விட வேண்டும். ஆனால் போவதில்லை. நுண்குழாயின் முதல் பகுதியில் வரிசையாக நிற்கும் செல்கள், மெகாலின் என்ற ஏற்பியைக் கொண்டு இன்சுலினைக் கவ்விப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் நொதிகள் அதைத் துண்டு துண்டாக்குகின்றன. கிடைக்கும் அமினோ அமிலங்கள் ரத்தத்துக்குத் திரும்பிவிடுகின்றன. வடிகட்டப்பட்ட இன்சுலினில் நூற்றில் ஒரு பங்கு கூடச் சிறுநீரில் வருவதில்லை. 'போட்ட ஊசியெல்லாம் சிறுநீரில் போய்விடுகிறது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது வழியைப் பலரும் அறிவதில்லை, எனக்கு மிகவும் வியப்பானதும் அதுதான். வடிகட்டப்படாமல் தப்பிய ரத்தம், நுண்குழாயைச் சுற்றிப் பின்னியிருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்களில் ஓடுகிறது. அதே செல்களின் முதுகுப் பக்கம், அதாவது ரத்தத்தைப் பார்த்திருக்கும் பக்கத்தில், இன்சுலினுக்கென்றே அமைந்த ஏற்பிகள் இருக்கின்றன. தசையிலும் கொழுப்பிலும் இருக்கும் அதே வகை. இன்சுலின் அங்கே வந்து பொருந்துகிறது, செல்லுக்கு ஆணையைச் சொல்கிறது, பிறகு அதுவும் உள்ளே இழுக்கப்பட்டு உடைகிறது. இப்படி ஒரு வழி இருப்பதைக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 120 மில்லி லிட்டர் வடிகட்டுகிறது. ஆனால் இன்சுலினை மட்டும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லி லிட்டர் ரத்த நீரிலிருந்து அகற்றுகிறது. வடிகட்டுவதை விடக் கூடுதலாக அகற்ற வேண்டுமென்றால் இன்னொரு வாசல் இருந்தாக வேண்டும்.

இந்த இரண்டாவது வாசல்தான் பல வருடம் அப்பாவைக் காப்பாற்றியது. வடிகட்டிகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும்போது முதுகுப் பக்க வழி கூடுதலாக வேலை செய்து ஈடுகட்டுகிறது. அதனால் ஜி.எஃப்.ஆர். 40 வரை இறங்கினாலும் இன்சுலின் தேவையில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்குக் கீழே ஈடுகட்டும் பலம் குறைந்துகொண்டே போகும். 20-க்குக் கீழே வேகமாகச் சரியும். அப்பா 50-லிருந்து 26-க்கு வந்த இந்த இரண்டு வருடத்தில்தான் 40 என்ற அந்த எல்லையைக் கடந்திருக்கிறார். நீங்கள் சொல்லும் 'கடந்த ஐந்தாறு மாதம்' அதோடு அப்படியே பொருந்துகிறது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதே நேரத்துக்கு மோட்டார் போடுகிறீர்கள், அதே அளவு தண்ணீர் ஏறுகிறது. கீழே போகும் குழாய் பாதி அடைத்துக்கொண்டால் ஒரு நாள் தொட்டி நிரம்பி வழியும். மோட்டாருக்குப் பலம் கூடிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

இதோடு முடியவில்லை. சிறுநீரகம் சர்க்கரையைத் தயாரிக்கவும் செய்கிறது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் தூங்கும்போது மூளைக்குத் தேவையான சர்க்கரையை ரத்தத்தில் விடுவது கல்லீரல் என்றுதான் எல்லோரும் படித்திருப்போம். அதில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் கூடுதலாகச் சிறுநீரகத்திலிருந்து வருகிறது. லாக்டேட், குளுட்டமின் போன்றவற்றை எடுத்து அதே நுண்குழாய்ச் செல்கள் சர்க்கரையாக்குகின்றன. இன்சுலின் வந்து ஏற்பியில் பொருந்தினால் இந்தத் தயாரிப்பு அடங்கும். தாழ்சர்க்கரை வந்து அட்ரினலின் ஏறினால் தயாரிப்பு கூடும். பழுதான சிறுநீரகத்தில் அந்தச் செல்களே குறைவு. ஆகவே விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவுக்கு இரண்டு பக்கமும் அடி. இன்சுலின் ரத்தத்தை விட்டுப் போகவில்லை, அதை எதிர்த்துச் சர்க்கரை கொண்டுவர வேண்டிய உறுப்பாலும் முடியவில்லை.

இதற்கு நேர்மாறாக இழுக்கும் ஒன்றும் உண்டு. சிறுநீரகம் செயலிழக்கும்போது ரத்தத்தில் சேரும் கழிவுகளால் தசைகள் இன்சுலினுக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. எதிர்ப்புத்தன்மை கூடுகிறது. இந்த இழுபறியில் எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் 'பக்கத்து வீட்டுக்காரருக்கும் கிட்னி போச்சு, அவருக்கு இன்சுலின் குறையவே இல்லையே' என்று ஒப்பிடுவதில் பயனில்லை.

இப்படி நடப்பது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. சர்க்கரை நோயால் சிறுநீரக வடிகட்டியில் ஏற்படும் முடிச்சுகளைக் கிம்மெல்ஸ்டீல், வில்சன் என்ற இருவர் 1936-இல் விவரித்தார்கள். அந்த முடிச்சுகள் உள்ள நோயாளிகளுக்குச் சர்க்கரை நோய் தணிந்ததுபோலத் தெரிவதை 1951-இலேயே சுப்ராட், எவர்சோல், டானா ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். தணிந்ததுபோலத் தெரிவது என்பதை அழுத்திச் சொல்கிறேன். இன்றைக்கும் நம் ஊரில் 'எங்கப்பாவுக்கு யூனிட் பாதியாகிடுச்சு' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பல வருடம் சர்க்கரை நோய் உள்ள ஒருவர் உடம்பு இளைக்காமல், நடைப்பயிற்சி கூட்டாமல், உணவு மாற்றாமல் இருக்கும்போது இன்சுலின் தேவை தானாக இறங்கினால், முதலில் பார்க்க வேண்டியது கிரியாட்டினினையும் சிறுநீரில் போகும் அல்புமின் புரதத்தையும்தான்.

இப்போது பெரியப்பா சொன்னது. அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் பிடித்திருக்கிறார். இன்சுலின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. 1993-இல் வெளியான டி.சி.சி.டி. என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலினை இன்னும் கவனமாக, தினமும் பலமுறை கொடுத்துச் சர்க்கரையை இறுக்கமாக வைத்தார்கள். சிறுநீரில் அல்புமின் கூடுதலாக ஒழுகும் நிலை வழக்கமான சிகிச்சையைவிட 54 சதவீதம் குறைந்தது. இன்சுலின் நஞ்சாக இருந்திருந்தால் இது தலைகீழாக நடந்திருக்க வேண்டும். அதற்கும் மேலே, 2010-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் எலிகளின் வடிகட்டியில் உள்ள போடோசைட் என்ற செல்களில் மட்டும் இன்சுலின் ஏற்பியை நீக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறவே இல்லை. ஆனாலும் சிறுநீரில் அல்புமின் ஒழுகியது, வடிகட்டி சர்க்கரை நோயில் கெடுவதைப் போலவே கெட்டது. வடிகட்டியின் நலத்துக்கே இன்சுலின் சொல்லும் ஆணை தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக இருக்கிறது? நம்மிடையே இன்சுலின் ஆரம்பிப்பதே தாமதமாகத்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் மாத்திரையில் தள்ளிவிட்டு, இனி முடியாது என்ற நிலையில் ஊசிக்கு வருகிறார்கள். சிறுநீரகப் பாதிப்பு வெளியே தெரிவதும் அந்தக் காலக்கட்டத்தில்தான். சில பேருக்குச் சிறுநீரகம் குறைந்துவிட்டதாலேயே மாத்திரைகளை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றுகிறோம். 'ஊசி போட்ட ஆறு மாதத்தில் கிட்னி போச்சு' என்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது இதுதான். பல வருடம் உயர்ந்திருந்த சர்க்கரையும், கூடவே வந்த ரத்த அழுத்தமும்தான் அந்த வடிகட்டிகளைத் தேய்த்தன. இன்சுலின் சிறுநீரகத்துக்குச் செய்யும் ஒரு தொந்தரவு உண்மையிலேயே உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அது நுண்குழாயில் உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும். அதனால் ஊசி புதிதாகத் தொடங்கும்போதும் அளவைச் சட்டென்று கூட்டும்போதும் சிலருக்குக் கால் வீங்கும். அது தற்காலிகம். ஒன்பது வருடமாகப் போடுபவருக்கு இப்போது கால் வீங்கினால் சிறுநீரகத்தையும் இதயத்தையும்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே நிறுத்தலாமா என்பதற்கு என் பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைத்தாக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஜி.எஃப்.ஆர். 50-க்கும் 10-க்கும் இடையே இருந்தால் மொத்த இன்சுலினில் கால்பங்கைக் குறைப்பது, 10-க்குக் கீழே பாதியைக் குறைப்பது என்று ஒரு வழிகாட்டுதல் புழக்கத்தில் உண்டு. அது தொடக்கப் புள்ளிதான். உங்கள் வீட்டில் 48 யூனிட்டை 30 ஆக்கியிருக்கிறீர்கள், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே குறைத்தாயிற்று. அப்படியும் ரத்தச் சர்க்கரை 48-க்கு விழுந்தது என்றால் எண்ணிக்கை மட்டும் பிரச்சினை இல்லை. மாத்திரை ஒரு காரணம். இன்னொன்று, கலவை இன்சுலினின் குணம். அதில் 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் வகை. போட்ட நாலு மணி நேரத்துக்குப் பிறகுதான் அது உச்சத்துக்கு வரத் தொடங்கும். இரவு எட்டரைக்குப் போட்டால் அதன் முழு வேகமும் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில், வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் வந்து நிற்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த உச்சம் இன்னும் நீளும். இரவு ஊசியை மட்டும் நன்றாகக் குறைப்பதா, கலவையை விட்டு வேறு வகை இன்சுலினுக்கு மாறுவதா, நீண்ட நேரம் வேலை செய்யும் வகையைக் காலையில் போடுவதா என்பதை மருத்துவர் அப்பாவின் சர்க்கரை எண்களைப் பார்த்து முடிவு செய்வார். மாத்திரை தேவைப்பட்டால் லினாகிளிப்டின் போன்றவை உண்டு, சிறுநீரகத்துக்காக அதன் அளவைக் குறைக்க வேண்டியதில்லை.

அந்த எண்களை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மூன்று நாளைக்கு, காலை வெறும் வயிற்றில், மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது, விடியற்காலை மூன்று மணிக்கு என்று குத்திப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்றைக்குப் போட்ட யூனிட்டையும் என்ன சாப்பிட்டார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சாப்பாட்டில் மாற்றமில்லை என்கிறீர்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிறுநீரகம் குறையும்போது பசி மெல்ல மங்கும். நாலு இட்லி மூன்றாகியிருக்கும், இரவில் மோர்சாதத்தோடு எழுந்திருப்பார், யாரும் கவனித்திருக்க மாட்டோம். நோட்டு நிரம்பும் வரை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். முதலில் போய் அளவைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், அந்த மூன்று நாள் எண்களோடு மறுபடியும் போங்கள்.

ஹெச்பிஏ1சி 6.1 என்பதை அப்படியே நம்ப முடியாது. சர்க்கரை சிவப்பணுவில் மூன்று மாத காலம் படிவதைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. சிறுநீரக நோயில் சிவப்பணுக்களின் ஆயுளே குறைகிறது, அதனால் எண் தாழ்வாகக் காட்டும். ரத்தசோகைக்கு எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டாலும், ரத்தம் ஏற்றினாலும் எண் இன்னும் தாழ்வாகக் காட்டும். ஹீமோகுளோபின் 9.2 உள்ளவருக்கு அந்த 6.1, கொஞ்சம் நிஜமான தாழ்சர்க்கரையும் கொஞ்சம் ரத்தசோகையும் கலந்த எண்ணாக இருக்கலாம். அவர் வயதுக்கும் நிலைக்கும் 7-க்கும் 8-க்கும் இடையே இருந்தால் போதுமானது. அதை விடத் தாழ்வாக வைக்கும் ஆசை இனி வேண்டாம். 'சி-பெப்டைடு எடுத்துப் பாருங்கள், கணையம் மறுபடி வேலை செய்கிறதா என்று தெரியும்' என்றும் யாராவது சொல்வார்கள். கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே வெளிவிடும் துணுக்குதான் சி-பெப்டைடு. அதுவும் சிறுநீரகம் வழியாகத்தான் அகல்கிறது. பழுதான சிறுநீரகத்தில் அது உயர்ந்தே காட்டும். அதைப் பார்த்து ஊசியை நிறுத்தினால் ஏமாந்துபோவோம்.

மறுபடி சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பதை அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள். நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் குத்திப் பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுக்க வேண்டும். ஏறியதும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். இளநீரும் ஆரஞ்சுப் பழச்சாறும் வேண்டாம். அவற்றில் பொட்டாசியம் அதிகம், இந்த நிலைச் சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போகலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருமுறை தெளிந்துவிட்டார் என்று படுக்கவும் விடாதீர்கள். தங்கிப்போன இன்சுலினும் மாத்திரையும் மணிக்கணக்கில் வேலை செய்யும், இரண்டாவது முறை விழுவது இவர்களுக்குச் சாதாரணமாக நடக்கிறது. கிளிமிபிரைடு எடுப்பவருக்கு இப்படி ஒருமுறை வந்தால் ஒரு நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

ஊசிக் கணக்கு ஒழுங்கானதும் சிறுநீரக மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். ஜி.எஃப்.ஆர். 26 என்றால் இன்னும் காப்பாற்ற நிறைய இருக்கிறது. ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது, அல்புமின் ஒழுகலைக் குறைக்கும் மருந்து, ரத்தசோகைக்குச் சிகிச்சை என்று செய்ய வேண்டியவை வரிசையாக உண்டு. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற மருந்துகளை ஜி.எஃப்.ஆர். 20 வரை தொடங்கலாம். இந்த நிலையில் அவை சர்க்கரையை அதிகம் குறைப்பதில்லை, சிறுநீரகம் சரிவதை மெதுவாக்குவதற்காகவே கொடுக்கிறோம். காப்புரிமை முடிந்து இப்போது விலையும் இறங்கியிருக்கிறது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக் மாதிரியான வலிமாத்திரைகள் வீட்டில் இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத லேகியமும் சூரணமும் வேண்டாம். ஒருவேளை பிற்காலத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் இன்சுலின் கணக்கு மறுபடி மாறும். கழிவுகள் குறைந்து தசைகள் இன்சுலினுக்குப் பதில் சொல்லத் தொடங்கும். வயிறு வழியாகச் செய்யும் டயாலிசிஸில் திரவத்திலேயே குளுக்கோஸ் இருப்பதால் எதிர்த்திசையில் போகும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் கிருத்திகை விரதம். நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பவருக்கு ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பதில் சிறுநீரகத்தின் பங்கு நேரம் ஆக ஆகக் கூடும். அப்பாவிடம் அந்தப் பலம் இப்போது இல்லை. முந்தின இரவு போட்ட ஊசியின் மிச்சம் மறுநாளும் ரத்தத்தில் இருக்கும். பட்டினி விரதம் அவருக்கு இனி வேண்டாம் என்றே சொல்வேன். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வெங்காயம் பூண்டு இல்லாத சமையலோடு இருக்கட்டும், மாலையில் கந்தகோட்டமோ வடபழனியோ போய்வரட்டும். போகும்போது சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று, கூடவே வீட்டு ஆள் ஒருவர். பால், பழம் மட்டும் சாப்பிட்டு இருக்கிறேன் என்று அவர் கேட்டால் அதற்கும் சம்மதிக்காதீர்கள். வாழைப்பழத்திலும் பொட்டாசியம் இருக்கிறது, தவிர அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடாகாது. இதை நீங்கள் சொல்லிக் கேட்கமாட்டார் என்றால், அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது அவர் முன்னாலேயே கேளுங்கள். டாக்டர் வாயால் வந்தால் ஏற்றுக்கொள்வார்.